முகப்பெழுத்து: ‘திறப்புத் தலைப்பு’ வேண்டாம்

மாணவர் குறும்படம் ஒன்றின் திட்டத்தாளைப் பார்த்தேன். ‘திறப்புத் தலைப்பு வடிவமைப்பு: 4 விநாடி’ என்று ஒரு வரி. படத்தின் பெயரை மட்டும் அழகாக வரைந்து வைத்திருந்தார். நடித்தவர், ஒளிப்பதிவு செய்தவர், தொகுத்தவர் பெயர்களுக்கு ஒரு விநாடிகூட ஒதுக்கவில்லை. கேட்டதற்கு, “தலைப்புன்னுதானே சார் போட்டிருக்கு?” என்றார். அவர்மேல் பிழையில்லை. படத் தொடக்கத்தில் படப்பெயரும் கலைஞர்களின் பெயர்களுமாக ஓடும் ‘ஓப்பனிங் டைட்டில்’ என்பதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்து அவர் கையில் கொடுத்தவர்கள்மேல்தான் பிழை.

டைட்டில் என்பதன் வேர் இலத்தீன் ‘டிட்டுலஸ்’. பொறிப்பு, பெயர்ச்சீட்டு என்று பொருள். நூற்பெயர், பட்டம், சொத்துரிமை எல்லாம் பிற்காலக் கிளைகள். திரைக்கு வந்தபோது சொல் தன் பழைய பொருளுக்கே திரும்பியது. பேசாப்பட நாளில் திரையில் காட்டிய எந்த எழுத்தும் டைட்டில்தான். காட்சிகளுக்கு நடுவே வந்த உரையாடல் அட்டைக்கும் அதே பெயர். சப்டைட்டிலும் அந்த வழியில் வந்ததே. அதைத் ‘துணைத்தலைப்பு’ என்று எழுதுகிறவர்களைக் கேட்கிறேன்: எந்தத் தலைப்புக்குத் துணை அது?

ஆக, திரையில் டைட்டில் என்றால் எழுத்து. படத்தின் பெயர் அதில் ஒரு துண்டு. 1958இல் ஹிட்ச்காக்கின் ‘வெர்டிகோ’ படத்துக்கு வரைகலைஞர் சால் பாஸ் அமைத்த தொடக்கத்தில், ஒரு பெண்ணின் கண்ணுக்குள்ளிருந்து படப்பெயர் எழுந்து வரும். அதற்கு முன்னும் பின்னும் கலைஞர்களின் பெயர்கள், நடுவே சுழலும் சுருள்கள். அவர் வடிவமைத்தது அந்த முழு ஓட்டத்தையும். அதைத் ‘தலைப்பு’ என்றால் கண்ணுக்குள்ளிருந்து வந்த ஒற்றைச் சொல் மட்டுமே மிஞ்சும்.

‘திறப்பு’ இன்னும் மோசம். கதவைத் திறக்கலாம், அணையைத் திறக்கலாம், படம் தொடங்கும். ஈழத்தில் திறப்பு என்றாலே சாவி. ‘ஓப்பனிங் கிரெடிட்ஸ்’ என்பதைத் ‘தொடக்க வரவுகள்’ என்று எழுதுகிற வேறொரு கூட்டமும் உண்டு. கிரெடிட் என்றதும் கணக்கேடு நினைவுக்கு வந்துவிடுகிறது போலும். உழைத்தவரின் பங்கை ஊரறியச் சொல்வதற்கும் வரவு செலவுக்கும் என்ன தொடர்பு? ‘தலைப்பெழுத்து’ என்றும் சிலர் முயல்கிறார்கள். அது ஏற்கெனவே பெயருக்கு முன்னால் இடும் இனிஷியலுக்கு உரியது. அகராதியைப் புரட்டினால் போதாது, படத்தைப் பார்த்துவிட்டுப் பெயர்க்க வேண்டும். மொழிபெயர்ப்பாளர்களிடம் நான் கேட்பது இவ்வளவுதான்.

இத்தனைக்கும் நம் மக்களிடம் சரியான சொல் எப்போதோ இருந்தது. “எழுத்துப் போடுறதுக்குள்ள போயிடணும்” என்று கொட்டகைக்கு ஓடியவர்கள் டிட்டுலஸைப் படித்தவர்கள் அல்லர். பொருளைக் கண்ணால் பிடித்தவர்கள். சிலப்பதிகாரத்தின் இந்திரவிழவூரெடுத்த காதையிலும் வணிகர் ‘தம்பெயர் பொறித்த கண்ணெழுத்து’ பொதிகள்மேல் வருகிறது. டிட்டுலஸின் பெயர்ச்சீட்டும் அதுவும் ஒன்றேதான். ஆனால் இன்று கண்ணெழுத்து என்றால் மைதீட்டுவதாக எண்ணிவிடுவார்கள்.

அதனால் ‘முகப்பெழுத்து’ என்கிறேன். வீட்டுக்கு முகப்பு உண்டு, நூலுக்கு உண்டு, படத்துக்கும் இருக்கட்டும். கடைசியில் ஓடுவது ‘இறுதிப் பெயர்வரிசை’. ‘தலைப்பு’ படப்பெயருக்கு மட்டும்.

அந்தத் தாளில் வரியை அடித்துவிட்டு ‘முகப்பெழுத்து’ என்று எழுதிக் கொடுத்தேன். மாணவர் ஒவ்வொரு பெயரையும் வாய்விட்டு இருமுறை படித்து, ஆன நேரத்தைப் பக்கத்தில் குறித்தார். கூட்டிப் பார்த்தபோது 38 விநாடி வந்தது. இயக்குநர் என்று தன் பெயரைக் கடைசியில் வைத்தார்.