டெலிபதி – தொலையுணர்வு

சொல்லோ சைகையோ இல்லாமல் ஒருவர் மனத்தில் ஓடுவதை வேறோர் இடத்தில் இருக்கும் இன்னொருவர் அறிந்துகொள்வதாகக் கருதப்படும் ஆற்றலையே டெலிபதி என்கிறோம். கேட்பதற்குப் பழஞ்சொல் போல இருந்தாலும் இது 1882-இல் ஆக்கப்பட்டது. ஆக்கியவர், கேம்பிரிட்ஜில் கிரேக்க, இலத்தீன் இலக்கியங்களில் தேர்ந்த ஃபிரெடரிக் மயர்ஸ்.

விக்டோரியா அரசியின் காலத்தில், இருட்டறையில் மேசையைச் சுற்றி அமர்ந்து ஆவிகளை அழைக்கும் வழக்கம் இங்கிலாந்தில் பரவியிருந்தது. அதைக் கண்மூடி நம்பாமலும் எடுத்தவுடன் தள்ளாமலும் ஆராய்வதற்கென்று அதே 1882-இல் லண்டனில் ஒரு கழகம் தொடங்கப்பட்டது. மயர்ஸ் அதன் நிறுவனர்களில் ஒருவர். மனத்திலிருந்து மனத்துக்கு எண்ணம் செல்லுமா என்பதையும் கழகத்தார் சோதித்தார்கள். ஒருவர் சீட்டுக்கட்டிலிருந்து ஒரு சீட்டை எடுத்து மனத்தில் நிறுத்திக்கொள்ள, அதைப் பார்க்காத இன்னொருவர் இன்ன சீட்டு என்று சொல்ல வேண்டும். சரியும் தவறும் கணக்கில் ஏறும். இதற்கு முதலில் வழங்கிய ஆங்கிலத் தொடரின் பொருள் 'எண்ணப் பெயர்வு' என்பதாகும். எண்ணம் மட்டுமன்றி வலியும் அச்சமும்கூட இவ்வாறு சென்று சேரக்கூடும் என்று கருதிய மயர்ஸுக்கு அது போதவில்லை. ஆகவே தொலைவைக் குறிக்கும் 'டெலே', உணர்ச்சியையும் துன்பத்தையும் குறிக்கும் 'பாதோஸ்' என்னும் கிரேக்கச் சொற்களிலிருந்து புதுச்சொல் அமைத்தார். 'அவள் பட்ட பாடு' என்கிறோமே, அந்தப் 'பாடு' பாதோஸுக்கு மிக அருகில் நிற்கிறது.

அந்தத் துன்பம் அவருக்கு ஏட்டறிவு அன்று. தம் உறவினர் ஒருவரின் மனைவியான ஆனி மார்ஷலை அவர் ஆழமாக நேசித்தார். மனம் நலிந்த கணவரால் பெரிதும் அல்லலுற்ற ஆனி, 1876-இல் வட இங்கிலாந்தின் உல்ஸ்வாட்டர் ஏரியில் மூழ்கி உயிரை மாய்த்துக்கொண்டார். கிரகாம் பெல் தொலைபேசிக்குக் காப்புரிமை பெற்றதும் அதே ஆண்டில்தான். கம்பி வழியே குரல் வந்துசேரும் காலத்தில், இறந்தவளிடமிருந்து ஒரு சொல்லாவது வராதா என்று ஒருவர் ஏங்கியதை எளிதில் தள்ளிவிட என்னால் இயலவில்லை. பின்னாளில் வேறொருவரை மணந்த பிறகும், 1901-இல் ரோமில் இறக்கும்வரை, அவர் அந்தத் தேடலைக் கைவிடவில்லை. டெலிபதி உண்டு என்பதை அறிவியல் இன்றுவரை ஏற்கவில்லை. சொல் மட்டும் நிலைத்துவிட்டது.

தமிழில் இதனை 'ஞானதிருஷ்டி' என்பது பொருந்தாது. அது மறைந்திருப்பதைக் காணும் பார்வை, இரு மனங்களுக்கு இடையே நிகழ்வது அன்று. 'மனத்தொடர்பு' என்றால் தொலைவும் இல்லை, துன்பமும் இல்லை. 'தொலையுணர்வு' என்பதே தக்கது. ஏனெனில் தமிழில் 'தொலை' என்னும் சொல் தூரத்தையும் இழப்பையும் ஒருங்கே சுட்டும். செயற்கைக்கோள் வழியே நிலத்தை ஆராயும் துறைக்கும் 'தொலையுணர்வு' என்னும் சொல் வழங்குவதால், கருவி செய்வதைத் 'தொலையுணர்தல்' என்றும் மனத்துக்கு உரியதைத் 'தொலையுணர்வு' என்றும் பிரித்து எழுதினால் மயக்கம் நேராது.