வடிகுழாய்

ஆபரேஷன் முடிந்து வார்டுக்கு வருகிறவரின் கட்டிலோரம் ஒரு பை தொங்கும். அதில் சேரும் குழாயை நர்ஸ் ‘கதீட்டர்’ என்பார், துணைக்கு இருப்பவர்கள் ‘யூரின் டியூப்’ என்பார்கள். கிரேக்கத்தில் ‘கதா’ என்றால் கீழே, ‘ஹியேனாய்’ என்றால் அனுப்புவது. உள்ளே இறக்கும் பொருள் என்ற கருத்தில் பிறந்த சொல், லத்தீன் வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது.

தமிழில் வடிகுழாய். சோறு வடிக்கிறோமே, அதே ‘வடி’. கிரேக்கச் சொல் குழாயை இறக்குவதைச் சொல்கிறது, நம் சொல் அதன் வேலையைச் சொல்கிறது. ஆனால் இதயத்துக்குள் செலுத்தும் கதீட்டர் எப்போதும் வடிப்பதற்காகவே போவதில்லை. அதற்குச் ‘செருகுகுழாய்’ பொருந்தும். கட்டிலோரப் பையில் சேரும் இந்தக் குழாயைச் ‘சிறுநீர் வடிகுழாய்’ என்று முழுதாகச் சொல்லிவிடலாம்.

வடிய வேண்டுமென்றால் பள்ளம் வேண்டும். என் அப்பாவை ஸ்கேனுக்காக ஸ்ட்ரெச்சரில் மாற்றியபோது பையைத் தூக்கி அவர் வயிற்றின்மேல் வைத்துவிட்டார்கள். குழாயில் நின்ற மஞ்சள் நீர் மெல்லப் பின்னால் நகர்ந்தது. பக்கத்தில் நின்றும் அதன் ஆபத்து எனக்குத் தெரியவில்லை. பை எப்போதும் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்க வேண்டும், தரையிலும் படக்கூடாது.

அந்த ஆபத்தின் பெயர்தான் அடுத்த சொல், ‘தொற்று’. பஸ் படியில் தொற்றிக்கொண்டு போவதும் இதே சொல்தான். கிருமிகள் குழாயின் உள்ளும் புறமும் அப்படித்தான் ஒட்டிக்கொண்டு, வழவழப்பான படலம் கட்டுகின்றன. ஆன்டிபயாடிக் அதற்குள் சரியாக வேலை செய்யாது. குழாய் உள்ளே இருக்கும் ஒவ்வொரு நாளும் சிறுநீரில் கிருமி சேரும் வாய்ப்பு 3 முதல் 7 சதவீதம். அதனால்தான் அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி.யின் 2009 வழிகாட்டுதல், அறுவைச் சிகிச்சைக்காகப் போட்ட குழாயை, தொடர்ந்து வைக்கத் தக்க காரணம் இல்லையென்றால், கூடியவரை 24 மணி நேரத்துக்குள் எடுத்துவிடச் சொல்கிறது. ரவுண்ட்ஸ் வரும் டாக்டரிடம், “டியூப் இன்னும் வேணுமா, எப்போ எடுப்பீங்க?” என்று தினமும் கேளுங்கள். தயக்கமே வேண்டாம்.

இந்தத் தொற்றை ‘நீர்க்கடுப்பு’ என்று எழுதுவது சரியல்ல. அது எரிச்சலோடு நீர் பிரிவதன் பெயர், ஓர் அறிகுறி மட்டுமே. குழாய் போட்டவருக்கு நீர் தானே வடிந்துவிடுவதால் அந்தக் கடுப்பு தெரியாமலே போகலாம். காய்ச்சல், குளிர் நடுக்கம், அடிவயிற்று வலி என்றுதான் பல நேரம் வெளிப்படும். ‘சிறுநீர்ப் பாதைத் தொற்று’ என்பதே சரியான பெயர்.