கொட்டகையில் கிடந்த புல்லட்டை உதைப்பதற்கு முன்

டிவியில் அடிக்கடி வரும் காட்சிதான். தார்ப்பாயை இழுக்கிறார்கள், புழுதி பறக்கிறது, முப்பது வருடமாக நின்ற மோட்டார் சைக்கிள் வெளிச்சத்துக்கு வருகிறது. கொஞ்சம் பெட்ரோல், ஒரு புது பிளக், நாலு உதை. வண்டி உறுமுகிறது, எல்லோரும் கை தட்டுகிறார்கள். அதைப் பார்த்த சூட்டோடு ஊருக்குப் போய், தாத்தாவின் புல்லட்டை அன்றைக்கே உதைத்துப் பார்ப்பவர்கள் நிறைய. அந்த நாலு உதையில் உடைந்த பாகங்கள்தான் அடுத்த வாரம் பட்டறை மேசைக்கு வருகின்றன.

நிகழ்ச்சிகள் பொய் சொல்வதாக நான் சொல்ல வரவில்லை. 'வாட்ஸ் இன் தி பார்ன்' நிகழ்ச்சியில் வந்த டேல் வாக்ஸ்லர், அமெரிக்காவின் வட கரோலினாவில் மேகி வேலி என்ற ஊரில் அருங்காட்சியகம் நடத்தியவர். அங்கே பழைய வண்டிகளைக் காட்சிக்கு நிறுத்தி வைப்பதோடு விடாமல் ஓடும் நிலையில் வைத்திருந்தார். அந்த இன்ஜின்களோடு வாழ்நாளைக் கழித்த கை அது. உதைப்பதற்கு முன் அந்தக் கை எதையெல்லாம் தொட்டுப் பார்க்கும் என்பதைக் காட்டினால் நிகழ்ச்சி சுவைக்காது, வெட்டிவிடுவார்கள். வெட்டப்பட்ட அந்தப் பகுதிதான் நமக்கு வேண்டியது.

நம் ஊரில் கொட்டகையிலிருந்து வெளியே வரும் வண்டி பெரும்பாலும் புல்லட் 350. இந்திய ராணுவம் வாங்கத் தொடங்கியதை ஒட்டி, 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸ் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டுடன் சேர்ந்து சென்னையில் என்ஃபீல்டு இந்தியாவை நிறுவியது. திருவொற்றியூரில் உருவான அந்த 346 சிசி இன்ஜினின் போர் (சிலிண்டரின் உள்விட்டம்) 70 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்) 90 மி.மீ. சிலிண்டர் வார்ப்பிரும்பு. வார்ப்பிரும்பு துருப்பிடிக்கும் என்பதிலிருந்துதான் வேலை தொடங்குகிறது.

கிக்கரைத் தொடாதீர்கள். பிளக்கைக் கழற்றுங்கள். டீசலும் ஏடிஎஃப் என்ற ஆட்டோமேட்டிக் கியர் எண்ணெயும் பாதிக்குப் பாதி கலந்து, சுமார் 30 மில்லி அந்த ஓட்டை வழியாக ஊற்றி இரண்டு மூன்று நாள் விடுங்கள். நின்ற இடத்திலேயே பிஸ்டன் ரிங்குகள் சிலிண்டர் சுவரோடு துருவால் ஒட்டியிருக்கும். எண்ணெய் ஊறி இறங்க நேரம் வேண்டும். பிறகு சென்டர் ஸ்டாண்டு போட்டு, டாப் கியரில் வைத்து, பின் சக்கரத்தைக் கையால் முன்னும் பின்னும் மெதுவாக அசையுங்கள். கையால் அசைக்கும்போது சிக்கல் விரலிலேயே தெரியும். கிக்கரில் உடம்பு எடை முழுவதும் ஏறினால் முதலில் போவது கிக்கர் பற்கள், அடுத்தது ரிங்.

சக்கரம் சுற்றுகிறது என்றாலும் பொறுங்கள். வலது பக்கம் சிலிண்டருக்கு அடியில் ஒரே நட்டில் நிற்கும் டேப்பட் மூடியைத் திறந்தால், வால்வுகளைத் திறக்கும் இரண்டு புஷ்ராடு கம்பிகளும் தெரியும். ஒருவர் சக்கரத்தைச் சுற்ற, இன்னொருவர் பார்க்க வேண்டும். இரண்டும் ஏறி இறங்க வேண்டும். ஒன்று ஏறிவிட்டுத் தொளதொளவென்று ஆடினால், வால்வு அது ஏறி இறங்கும் கைடு குழாய்க்குள் சிக்கியிருக்கிறது. அதோடு உதைத்தால் அலுமினிய புஷ்ராடு வளையும், சில சமயம் பிஸ்டன் வால்வைப் போய் முட்டும். இரண்டும் ஒழுங்காக நடந்தால், இன்ஜின் குளிர்ந்து, இரண்டு வால்வும் மூடியிருக்கும்போது புஷ்ராடு விரலால் சுழல வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது. இந்த இன்ஜினுக்கு டேப்பட் இடைவெளி அவ்வளவுதான்.

இனி எண்ணெய். புல்லட்டை அதிகம் கொல்வது இதைப் பற்றிய அறியாமைதான். கிராங்க் தண்டு சுழலும் கூடான கிராங்க்கேஸோடு சேர்ந்து வார்த்த ஒரு தனி அறைதான் இதன் எண்ணெய்த் தொட்டி. டைமிங் கவர் என்ற பக்க மூடிக்குள் இரண்டு பம்புகள் இருக்கின்றன: ஒன்று எண்ணெயைக் கொடுக்கும், மற்றது திரும்ப இழுத்துத் தொட்டியில் சேர்க்கும். வண்டி மாதக்கணக்கில் நின்றால் தொட்டி எண்ணெய் பம்பின் வழியே கசிந்து கிராங்க் அறைக்குள் இறங்கிவிடும். டிப்ஸ்டிக்கைப் பார்ப்பவர் எண்ணெய் இல்லை என்று நினைத்து மேலும் ஒரு லிட்டர் ஊற்றுகிறார். பிறகு உதைத்தால் கிக்கர் கல்லாகக் கனக்கும், பிரீதர் என்ற காற்றுப்போக்கிக் குழாயில் எண்ணெய் பீய்ச்சும், சைலன்ஸரில் வெள்ளைப் புகை தெருவை மூடும். போர் போய்விட்டது என்று யாரோ சொல்ல, தேவையில்லாமல் சிலிண்டரைக் கடையும் ரீபோர் நடக்கிறது. அடியில் உள்ள ட்ரெயின் பிளக்குகளைத் திறந்து முழுவதையும் வடித்துவிட்டு, புது 20டபிள்யூ50 எண்ணெய் ஊற்றினால் தீர்ந்துபோகும் விஷயம் அது.

வடித்த எண்ணெயை வெள்ளைத் தட்டில் ஊற்றி வெயிலில் பாருங்கள். பால் கலந்த டீ மாதிரி இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. வெள்ளி போன்ற செதில்கள் மின்னினால் வண்டியை ஸ்டார்ட் செய்யும் எண்ணத்தையே விட்டுவிட்டு இன்ஜினைப் பிரியுங்கள். பழைய புல்லட்டின் பிக் எண்டில், அதாவது கனெக்டிங் ராடு கிராங்க்கோடு சேரும் முனையில், ரோலர் பேரிங் கிடையாது. ஃப்ளோட்டிங் புஷ் என்ற வளையம், கனெக்டிங் ராடுக்கும் கிராங்க் பின்னுக்கும் நடுவே எண்ணெய்ப் படலத்தில் மிதந்து சுழல்கிறது. படலம் இல்லாவிட்டால் இரும்பும் இரும்பும் கடித்துக்கொள்ளும். அதற்கு ஒரு நிமிடம் போதும். நாலு உதை நாடகத்தில் உயிரை விடுவது இந்தப் புஷ்தான்.

டைமிங் கவருக்குள் உள்ள ஃபெல்ட் ஃபில்டரை மாற்றாமல் விடாதீர்கள். பிக் எண்டுக்குப் போகும் எண்ணெய் அதன் வழியேதான் போகிறது. மாற்றிய பிறகு, கவரில் கிராங்க் முனைக்கு நேரே உள்ள பிளக்கைத் தளர்த்தி, ஸ்பார்க் பிளக் இல்லாமல் இன்ஜினைச் சுற்றுங்கள். அங்கே எண்ணெய் கசிந்தால் கொடுக்கும் பம்பு உயிரோடு இருக்கிறது. மேலே வால்வை அழுத்தும் ராக்கரில் எண்ணெய் தெரிகிறது, அதனால் எல்லாம் சரி என்று சொல்வார்கள். நம்பாதீர்கள். ராக்கருக்குப் போவது திரும்ப இழுக்கும் பம்பின் எண்ணெய். அது பிக் எண்டைப் பற்றி எதுவும் சொல்லாது.

பெட்ரோல் விஷயத்தில் இன்றைய ஆபத்து வேறு. இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20. எத்தனால் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பரை உப்பவைக்கும், தக்கை வாஷர்களைக் கெடுக்கும். டேங்க் குழாயின் வாஷர், கார்புரேட்டர் ரப்பர்கள், பெட்ரோல் டியூப் எல்லாவற்றையும் புதிதாகப் போடுங்கள். கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் ஜெட்டைக் கம்பியால் குத்தாதீர்கள்; ஓட்டை ஒரு மயிரிழை பெரிதானாலும் கலவை கெட்டுவிடும். காற்றடித்துப் பாருங்கள், போகாவிட்டால் புதுசு வாங்குங்கள்.

டேங்க் துருவுக்குக் கழிப்பறை ஆசிட் வேண்டாம். அது தகரத்தையும் சேர்த்துத் தின்னும், கழுவிய மறுநாளே புதுத்துரு பூக்கும். ஒரு டேங்க் தண்ணீருக்கு ஒரு கிலோ சிட்ரிக் அமிலம் கரைத்து ஒரு நாள் வையுங்கள். வாயு வெளியேற மூடியைத் திறந்தே விடுங்கள், பக்கத்தில் பீடி, சிகரெட் கூடாது. சோடா உப்புத் தண்ணீரில் அலசி, உடனே காயவைத்து, உள்ளே எண்ணெய் தடவுங்கள். ஓட்டை விழுந்த டேங்கை அப்படியே வெல்டிங்குக்குக் கொடுப்பது உயிரோடு விளையாடுவது. பல வருடம் காலியாகக் கிடந்த டேங்கிலும் பெட்ரோல் ஆவி இருக்கும், வெடிக்கும்.

பிரேக் டிரம்மைத் திறந்ததும் காம்ப்ரஸர் காற்றால் தூசியை ஊதும் பழக்கம் நம் பட்டறைகளில் இருக்கிறது. பழைய பிரேக் ஷூக்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். அந்தத் தூள் நுரையீரலில் தங்கிப் பல வருடம் கழித்துப் புற்றுநோயாக வரலாம். முகக்கவசம் போட்டு, ஈரத்துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டி எறியுங்கள். பட்டறைப் பையனிடம் இந்த வேலையைத் தள்ளாதீர்கள்.

பெயிண்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். 'அமெரிக்கன் பிக்கர்ஸ்' டிவி நிகழ்ச்சியின் மைக் வுல்ஃப் போன்றவர்கள் தேடியலைவது துருவும் மங்கலுமாக, கிடைத்த கோலத்திலேயே இருக்கும் வண்டிகளை. நாமோ வாங்கியதும் சாண்ட் பிளாஸ்டிங், பவுடர் கோட்டிங் என்று ஓடுகிறோம். டேங்கில் கையால் இழுத்த தங்கக் கோடு ஒரு தடவை அழிந்தால் போனதுதான். அதைவிடப் பெரிய நஷ்டம், ஹேண்டில் கழுத்தில் பொறித்த சேஸிஸ் எண். மணல் அதைத் தேய்க்கும், மீதியைக் கோட்டிங் நிரப்பும், ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எண்ணைப் படிக்க முடியாது. பிளாஸ்டிங்குக்கு முன் அந்த இடத்தைத் தடித்த டேப்பால் மூடுங்கள், போட்டோ எடுத்து வையுங்கள். 2021 விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டிய வண்டியை வின்டேஜ் எனப் பதியலாம். புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், 10 வருடம் செல்லும். சேஸிஸ், இன்ஜின் எல்லாம் மூல வடிவில் இருக்க வேண்டும். அப்படிப் பதிந்த வண்டியை அன்றாடம் ஓட்ட முடியாது. கண்காட்சி, பேரணி, பராமரிப்பு போன்றவற்றுக்குத்தான் சாலையில் எடுக்கலாம்.

இத்தனையும் முடிந்த பிறகுதான் கிக்கர். தீப்பொறிக்காக மின்சாரத்தைத் துண்டிக்கும் பாயிண்ட்டின் இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ. இக்னிஷனைப் போட்டு, கிக்கரை மெதுவாக அழுத்திக்கொண்டே ஆம்ப்ஸ் மீட்டரைப் பாருங்கள். முள் நடுவுக்கு வந்ததும் நிறுத்தி, சிலிண்டர் அழுத்தத்தை வெளியேற்றும் டீகம்ப்ரஸரைப் பிடித்துச் சற்றே தாண்டவிட்டு, கிக்கரை மேலே வரவிடுங்கள். பிறகு ஒரே முழு உதை. பாதி உதை கூடாது. திருப்பி அடித்தால் கணுக்கால் போகும். பிடித்ததும் ஆக்ஸிலேட்டரை முறுக்காமல் சற்றே உயர்ந்த ஐடிலில் விட்டு, தொட்டி மூடியைத் திறந்து எண்ணெய் திரும்பி வருகிறதா பாருங்கள். வராவிட்டால் உடனே அணைத்துவிட வேண்டும். வந்தால் பத்து நிமிடம் ஓடவிட்டு, ஆறியதும் ஹெட் நட்டுகளை மறுபடி சரிபாருங்கள். முதல் 100 கிலோமீட்டரில் அந்த எண்ணெயையும் வடித்து, மறுபடி வெள்ளைத் தட்டில் ஊற்றிப் பாருங்கள்.