நோவாக்: ஊருக்குப் புதியவர்

நோவாக் என்றதும் நமக்கு நினைவுக்கு வருபவர் டென்னிஸ் வீரர் ஜோகோவிச்தான். செர்பியரான அவருக்கு அது இயற்பெயர். போலந்தில் அதுவே குடும்பப்பெயர். 2 லட்சத்துக்கும் அதிகமானோர் அதைத் தாங்கியிருக்கிறார்கள். அந்த நாட்டில் அதற்குத்தான் முதலிடம்.

போலிஷ் மொழியில் 'நோவி' என்றால் புதிய. வேற்றூரிலிருந்து வந்து குடியேறியவரைப் பழைய குடிகள் 'நோவாக்' என்று அடையாளம் சொன்னார்கள். அவர் பேரனும் அதே ஊரில் பிறந்து வளர்ந்து கிழவனானான். பெயர் மட்டும் 'புதியவன்' என்றே நின்றுவிட்டது. செக் நாட்டிலும் ஸ்லோவேனியாவிலும் இதே பெயருக்குத்தான் முதலிடம் என்பதால், இதைப் போலந்துக்கு மட்டும் சொந்தமாக்க முடியாது.

'ஸ்கி' என முடியும் பெயர்கள் பெண்களுக்கு 'ஸ்கா' ஆகும்: கோவால்ஸ்கி, கோவால்ஸ்கா. நோவாக் அப்படி மாறாது. முன்பு மனைவியை நோவாக்கோவா என்றும் மகளை நோவாக்குவ்னா என்றும் அழைத்தார்கள். இன்று பெரும்பாலும் எல்லோரும் நோவாக்தான். ஆனால் வேற்றுமை உருபு ஏறும்போது குட்டு வெளிப்படும். ஆணைப் பார்த்தால் 'நோவாக்கா'வைப் பார்த்தேன் என்பார்கள். பெண்ணைப் பார்த்தால் வெறும் 'நோவாக்'.

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், பிரஷ்யாவின் ஆட்சியில் இருந்த போலிஷ் மக்கள் ஜெர்மனியின் ரூர் நிலக்கரிச் சுரங்கங்களுக்கு வேலை தேடிப் போனார்கள். பெயருக்கு அங்கே சேதமில்லை. Nowak என்று எழுதும் பெயரின் நடுவிலுள்ள 'டபிள்யூ' எழுத்தை ஜெர்மானியரும் 'வி' ஒலியாகவே படிப்பார்கள். அமெரிக்காவில் அப்படியில்லை, சிகாகோவில் குடியேறிய சிலர், சரியான ஒலிப்புக்காக அந்த எழுத்தையே 'வி' ஆக்கிக்கொண்டார்கள். அப்புறம் அவர்களைச் செக் நோவாக்குகளிடமிருந்து பெயரை வைத்துப் பிரித்தறிய வழியில்லாமல் போனது. குடியேறிகளைச் சோதித்த நியூயார்க்கின் எல்லிஸ் தீவு அதிகாரிகள் பெயரை மாற்றிவிட்டார்கள் என்ற கதை பரவலாக உண்டு, அது தவறு. பயணிகள் பட்டியல் கப்பல் புறப்படும் துறைமுகத்திலேயே எழுதப்பட்டது.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? 'வந்தேறி' வேண்டாம், அதில் வெறுப்பு ஒட்டியிருக்கிறது. 'புதியவர்' போதும். எனக்குப் பிடித்தது 'விருந்தினர்'. இன்று விருந்து என்றால் சாப்பாடு. பழந்தமிழில் அதன் பொருள் புதுமை. புதிதாக யாத்த செய்யுளைத் தொல்காப்பியம் விருந்து என்கிறது. ஊருக்குப் புதிதாய் வந்தவரே முதலில் விருந்தினர். அவருக்கு இட்ட சோறு பிறகுதான் விருந்தானது.