எதிராளியை ஜெயிக்கலாம், ரேக்கை?

ஆந்திராவின் நகரி, புத்தூர், ஏகாம்பரகுப்பம் பக்கத்திலிருந்து வரிக் கணக்கோ கடன் கணக்கோ தூக்கிக்கொண்டு என்னிடம் வரும் இளைஞர்கள் சொல்லும் நியாயம் பெரும்பாலும் ஒன்றுதான்: “ரெண்டு பேர் மட்டும் ஆடுற லிமிட் போக்கர் சார். பந்தயமும் சின்னது, எதிராளியும் நம்மளவுக்கு ஆடமாட்டான். மாசம் கொஞ்சம் நிக்கும்.” எதிராளி மட்டமான ஆட்டக்காரராகவே இருக்கலாம். கணக்கு உதைப்பது வேறு இடத்தில்: நடுவில் சேரும் பணத்திலிருந்து ஆட்டம் நடத்துபவர் எடுத்துக்கொள்ளும் கமிஷனான ரேக்கில்.

ஒரு கையை, அதாவது ஒருமுறை சீட்டுப் போட்டு ஆடும் ஆட்டத்தை, எடுத்துக்கொள்வோம். லிமிட் ஆட்டத்தில் பந்தயத் தொகை முன்பே நிர்ணயித்தது; 10/20 ரூபாய் மேஜை என்றால் முதல் இரண்டு சுற்றில் பந்தயம் 10, கடைசி இரண்டில் 20. பொதுச் சீட்டு மூன்று விரியும் பிளாப்புக்கு முன் ஒருமுறை ஏற்றி ஆளுக்கு 20, பிளாப்பில் 10, நாலாவது சீட்டான டர்னில் 20, கடைசிச் சீட்டான ரிவரில் இருவரும் பந்தயம் கட்டாமல் செக். ஆளுக்கு 50 போட்டு நடுவில் 100 ரூபாய் கிடக்கிறது. ரேக் 5 சதவீதம் என்றால், ஜெயித்தவருக்குக் கிடைப்பது 95. அதில் 50 அவருடைய சொந்தப் பணம்; லாபம் 45. தோற்றவருக்குப் போனது முழு 50. அறிவிப்பில் 5 என்று இருப்பது, ஜெயித்த பணத்தில் 10 சதவீதம்! இத்தகைய கைகளில் சரிபாதி ஜெயித்தாலும் நஷ்டம்தான். நூற்றுக்கு 53 ஜெயித்தால்தான் முதல் தேறும்.

இதைப் பெருக்கிப் பாருங்கள். ஆளுக்கு 1,000 ரூபாயோடு உட்கார்ந்து 1,000 கை ஆடுகிறார்கள். ஆன்லைனில் அது ஐந்தாறு மணி நேரம். 600 கை பிளாப் வரை போய் ரேக் கட்டுகிறது, சராசரியாக நடுவில் 60 ரூபாய் சேர்கிறது என்று வைத்தால், கைக்கு 3 ரூபாய் வீதம் ரேக் 1,800. இருவரும் கொண்டுவந்த 2,000-ல் மேஜையில் மிச்சம் 200. ஒருவர் பங்குக்கு நூறு கைக்கு 90 ரூபாய், அதாவது 20 ரூபாய்ப் பெரிய பந்தயக் கணக்கில் நாலரை பெரிய பந்தயம். தேர்ந்தவருக்கே நூறு கைக்கு ஒன்றிரண்டு பெரிய பந்தயம் நின்றால் நல்ல ஆட்டம். ரேக்கில் 30 சதவீதத்தை ஆப் திருப்பித் தந்தாலும் 63 ரூபாய் சுமை அப்படியே இருக்கிறது. பெரிய மேஜையில் ரேக்குக்கு உச்சவரம்பு இருப்பதால் பாரம் குறையும். சின்ன மேஜையில் அந்த வரம்பைத் தொடுவதே இல்லை.

2015-ல் கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இருவர் ஆடும் லிமிட் ஹோல்டெம் என்ற இதே போக்கர் வகைக்கு ஏறக்குறைய பிழையற்ற ஆட்டமுறையைக் கணினியில் கண்டார்கள். அந்த நிரலை அதற்கே எதிராக உட்காரவைத்து ரேக் எடுத்தால் இரண்டு பக்கமும் நஷ்டம்.

“போன வாரம் 800 ரூபாய் வந்ததே” என்பார்கள். ஆயிரம் கையில் 1,000 ரூபாய் ஏறுவதும் இறங்குவதும் சீட்டின் போக்கு. அதை வைத்துத் திறமையை எடைபோட முடியாது.

சட்டப்படி, ஆந்திரா 2020-லேயே பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடை செய்தது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமும் தடைச் சட்டம் நிறைவேற்றியது. அதன்படி ஆட்டம் நடத்துபவருக்கு மூன்றாண்டு வரை சிறை, ஒரு கோடி ரூபாய் வரை அபராதம். இன்று ஏஜென்ட் வழியாக வரும் ஆப்பில் பணம் சிக்கினால் மீட்பது மிகக் கடினம். ஜெயித்த பணத்துக்கு 30 சதவீத வரி, அதன்மேல் 4 சதவீத செஸ். அந்த ஆட்ட நஷ்டத்தைக் கூலி வருமானத்தில் கழிக்கவும் முடியாது.

ஆறு மாத வங்கி ஸ்டேட்மென்ட்டை எடுங்கள். ஆப்புக்கும் ஏஜென்ட்டுக்கும் போன ஒவ்வொரு யூபிஐ பதிவையும் சிவப்பு மையில் கோடிடுங்கள், வங்கிக்குத் திரும்பி வந்ததை நீலத்தில். ஆப்பில் தெரியும் பேலன்ஸையும் போனஸையும் வரவில் சேர்க்காதீர்கள். இரண்டையும் தனித்தனியே கூட்டி, வீட்டில் ஒருவருக்குக் காட்டுங்கள்.