எடையே இல்லாத இரையை எறிவது எப்படி?

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்குத் தூண்டில் ஒன்றும் புதுசில்லை. ஒரு மூங்கில் கம்பு, தங்கூசி, ஈயக்குண்டு, கொக்கியில் மண்புழு. வீசினால் ஈயம் முன்னால் பறக்கும், தங்கூசி அதன் பின்னால் இழுபட்டுப் போகும். ஃபிளை ஃபிஷிங்கில் இந்தக் கணக்கு அப்படியே தலைகீழ். கொக்கியில் இறகும் நூலும் சுற்றிச் செய்த பொய்ப்பூச்சிதான் அங்கே இரை. வாயால் ஊதினாலே பறந்துவிடும். அதை எப்படி எறிந்தாலும் காலடியில்தான் விழும். அதனால் எடையை இரையில் வைக்காமல் நூலில் வைத்தார்கள்.

இந்த நூல் தடிமனானது, பிளாஸ்டிக் பூச்சு போட்டது, எடைக்கு ஏற்ப எண் இடப்பட்டது. 5-ம் எண் நூலின் முதல் 30 அடி சுமார் 9 கிராம் இருக்கும். சின்ன ஓடைகளுக்குப் போதுமான 3-ம் எண் நூல் ஆறரை கிராம். எறிவது இந்த எடையைத்தான். பூச்சி சும்மா ஒட்டிக்கொண்டு போகிறது.

கம்பைப் பின்னால் வீசி, நூல் முதுகுப்பக்கம் நீளமாக விரியும்வரை பொறுக்க வேண்டும். அப்புறம் முன்னால் வேகம் கூட்டிக் கொண்டுவந்து சட்டென்று நிறுத்த வேண்டும். வித்தை முழுக்க அந்த நிறுத்தத்தில் இருக்கிறது. கம்பு நின்றதும் நூலின் கீழ்ப்பாதி கம்பின் நுனியோடு நின்றுவிடும்; மேல்பாதி மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும். இரண்டுக்கும் நடுவில் உண்டாகும் வளைவு முன்னோக்கி உருண்டு போகும். அது உருள உருள, ஓடும் பகுதியின் நீளம் குறைகிறது, அதாவது எடையும் குறைகிறது. முதலில் கொடுத்த ஆற்றல் குறைந்துகொண்டே போகும் எடைக்குள் ஒடுங்குவதால், காற்று எவ்வளவு தடுத்தாலும் வேகம் அவ்வளவாகச் சரிவதில்லை. வண்டிக்காரர் சாட்டையின் நுனி சொடுக்குவதும் இதே கணக்கில்தான். சாட்டை மாதிரி இதுவும் சொடுக்கினால் மீன் ஓடிவிடுமே! அதற்காக நூலின் முனையில் மெலிந்துகொண்டே போகும் தங்கூசியைக் கட்டுகிறார்கள். மிச்ச வேகத்தைக் காற்று தின்றுவிட, பூச்சி தண்ணீரில் மெதுவாக இறங்கும்.

பலம் உள்ளவர்கள்தான் இதில் அதிகம் தடுமாறுவார்கள். கம்பின் நுனி நேர்கோட்டில் போனால் வளைவு குறுகலாகி தூரம் போகும்; கையைச் சுழற்றி வீசினால் வளைவு அகன்று, நூல் பொத்தென்று விழும். நம் காட்டோடைகளில் பின்னால் வீச இடமே கிடைக்காது, மூங்கிலும் பிரம்பும் மாட்டிக்கொள்ளும். அங்கே வேறு வழி உண்டு. பூச்சியை விரலில் பிடித்து இழுத்து, கம்பை வில்லாக வளைத்து, குறிபார்த்து விட்டுவிடுவது. தூரம் போகாது. ஓடையே நாலைந்து அடி அகலம் என்றால் தூரம் எதற்கு?

குளிர்நாட்டு மலையோடைகளில் இந்த வித்தைக்கு வாய் திறப்பவற்றில் ஒன்று புரூக் டிரௌட், வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதிக்குச் சொந்தமான மீன். பெயரில் டிரௌட் இருந்தாலும் வகையில் அது ‘சார்’ (char) என்ற மீன் இனம். உடம்பில் நீல வளையத்துக்குள் சிவப்புப் புள்ளிகள், கீழ்த்துடுப்பின் ஓரத்தில் வெள்ளைக் கோடு என்று பார்க்க ரொம்ப அழகு. பேராக் மலையடிவாரத்தில் கொண்டுவந்து விட்டால் பிழைக்காது. 10 டிகிரி தண்ணீரில் லிட்டருக்கு 11 மில்லிகிராம் ஆக்சிஜன் கரைந்திருக்கும், 25 டிகிரியில் 8 மில்லிகிராம்தான். சூடு ஏற ஏற மீனின் உடம்பு கேட்கும் ஆக்சிஜனோ கூடுகிறது. வரவு குறைந்து செலவு ஏறினால் குடும்பம் என்ன ஆகும்?

நம்மிடம் இருப்பவை தெங்காஸ், கெலா. இரண்டும் கெண்டைக் குடும்பம். வாயில் பல் கிடையாது, தொண்டையில் உண்டு. காட்டுப் பழங்களின் கொட்டையை அங்கே வைத்து நொறுக்கும். செம்பனைப் பழத்தைக் கோர்த்துக் கெலா பிடிப்பது இந்த ஊரில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. ஆனால் பழம் எப்போதும் விழாதே. மிச்ச நேரத்துக்குப் பூச்சியும் உண்டு, அங்கேதான் பொய்ப்பூச்சிக்கு வேலை.

டிரௌட்டோ தெங்காஸோ, ஓடும் தண்ணீரில் எல்லா மீனுக்கும் ஒரே பிரச்சினை: நீந்தச் செலவாகும் தெம்பைவிடத் தின்பதில் கிடைப்பது அதிகமாக இருக்க வேண்டும். அதனால் பாறையின் மறைவில், நீரோட்டம் தணிந்த இடத்தில், மேலோட்டத்தை, அதாவது தண்ணீர் வரும் பக்கத்தை, பார்த்தபடி நிற்கும். பக்கத்தில் வேகமாக ஓடும் நீர் இரையைக் கொண்டுவரும்; ஒரு எட்டு எட்டிக் கவ்விவிட்டு மறுபடியும் மறைவுக்கே வந்துவிடும்.

அது மேலே பார்க்கும் உலகம் விசித்திரமானது. ஒளி தண்ணீருக்குள் நுழையும்போது வளைவதால், தலைக்கு மேலிருக்கும் வானம் முழுவதும் 97 டிகிரி அகலமுள்ள ஒரு வட்டத்துக்குள் சுருங்கித் தெரியும். 30 சென்டிமீட்டர் ஆழத்தில் நிற்கும் மீனுக்கு அந்த வட்டத்தின் குறுக்களவு சுமார் 68 சென்டிமீட்டர்தான். அதற்கு வெளியே நீர்ப்பரப்பு வெறும் கண்ணாடி. ஓடையின் அடிமண்தான் அதில் தெரியும். கரையில் இருக்கும் நாம் அந்த வட்டத்தின் ஓரத்தில் நசுங்கித் தெரிவோம். நீர்மட்டத்திலிருந்து 10 டிகிரிக்குக் கீழே இருப்பது அனேகமாக மீனின் கண்ணுக்குத் தட்டாது. 6 மீட்டர் தள்ளி நின்றால் அந்த 10 டிகிரி ஒரு மீட்டர் உயரம்தான். நின்றால் மாட்டிக்கொள்வோம், குந்தினால் தப்பிக்கலாம். மீன் மேலோட்டத்தைப் பார்த்து நிற்பதால் பின்னாலிருந்து, கீழோட்டப் பக்கமாக வருவது இன்னும் நல்லது.

பூச்சியின் சமாச்சாரம் இதைவிடச் சுவாரசியம். மிதந்து வரும் பூச்சியின் கால்கள் நீர்ப்பரப்பை லேசாக அமுக்கும். அந்தப் பள்ளங்கள் கண்ணாடிப் பகுதியில் சின்னச் சின்ன வெளிச்சப் பொட்டுகளாக மின்னும். பூச்சி வட்டத்துக்குள் வருவதற்கு முன்பே, ஏதோ வருகிறது என்று மீனுக்குத் தெரிந்துவிடும். மிதக்கும் பொய்ப்பூச்சியில் சேவல் கழுத்து இறகைச் சிலிர்த்துக்கொண்டு நிற்கும்படி கட்டுவது அந்தப் பொட்டுகளுக்காகவும்தான். கண், சிறகு எல்லாம் அச்சு அசலாக இருக்க வேண்டும் என்று மெனக்கெடுவது, என்னைக் கேட்டால், வாங்குகிறவரைப் பிடிக்கத்தான்.

இத்தனையும் சரியாக அமைந்தாலும் காரியம் கெடும் இடம் ஒன்று உண்டு. ஓடையின் நடுவில் வேகம், ஓரத்தில் நிதானம். நூல் நடுவேகத்தில் விழுந்து, பூச்சி ஓரத்து நிதானத்தில் விழுந்தால், நூல் முந்திக்கொண்டு பூச்சியை இழுக்கும். பூச்சிக்குப் பின்னால் அம்புமுனை மாதிரி ஒரு கீறல் விழும். சும்மா மிதந்து வரும் பூச்சி நீரோட்டத்தின் குறுக்கே அப்படிச் சறுக்கிப் போகாது. மீன் கண்டுகொள்ளாமல் நின்றுவிடும். நூல் விழுந்ததும் கம்பை மேலோட்டப் பக்கம் லேசாகப் புரட்டிவிட்டால் நூல் அந்தப் பக்கம் வளைந்து, சில விநாடிகள் கிடைக்கும். குறுகிய ஓடையில் அதுவும் வேண்டாம், கம்பை உயரத் தூக்கி நூலைத் தண்ணீரில் படாமல் வைத்துக்கொண்டால் போதும்.

சுங்கை சிப்புட் பக்கத்து லாசா ஊரைத் தாண்டி உள்ளே போகிறவர்கள் வேறொன்றையும் கவனிக்க வேண்டும். இந்த மீன்பிடிப்பு தெளிந்த தண்ணீரை நம்பியது, தெளிந்த தண்ணீரோ மேலே மலையில் பெய்யும் மழையை நம்பியது. சரிவு அதிகம் என்பதால், நாம் நிற்கும் இடத்தில் வெயில் அடித்தாலும் மேலே பெய்த மழை ஒரே பாய்ச்சலில் வந்து இறங்கும். கெப்பாலா ஆயர் என்று ஊரில் சொல்வது இதைத்தான். தண்ணீர் திடீரென்று கலங்கி, இலையும் சுள்ளியும் கூட்டமாக மிதந்து வந்தால் நூலைச் சுற்றிக்கொண்டிருக்கக் கூடாது, கம்பைப் போட்டுவிட்டாவது மேட்டில் ஏறிவிட வேண்டும்.