விடுதிக்காரரின் குளக்கட்டு கசிகிறது, எந்தக் கந்தோருக்குப் போவது?

போன மாரியில் ஒரு அக்கா என்னைக் கூட்டிக்கொண்டு போய் ஒரு கட்டைக் காட்டினார். அவருடைய இரண்டு ஏக்கர் வயலுக்கு மேலே, ஓடையை மறித்து, ஒரு விடுதிக்காரர் பெக்கோ இயந்திரம் பிடித்துக் கட்டிய மண்கட்டு. இரண்டு ஆள் உயரம் வரும். தண்ணீரில் மிதிபடகு, கரையில் ஓலைக் கொட்டில்கள். மிஞ்சிய தண்ணீர் வழிந்தோட வான் என்று இருந்தது ஒரேயொரு ஹியூம் பைப், கொங்கிறீற் குழாய். அதன் வாயிலும் கம்பிவலை அடித்திருந்தார்கள், விட்ட மீன் வெளியே போய்விடக் கூடாதாம். வலை முழுக்கச் சருகும் பிளாஸ்டிக் போத்தலும். கட்டின் அடியில், வயல் பக்கமாக, ஓரிடத்தில் தண்ணீர் ஊறிக்கொண்டிருந்தது. தெளிந்த தண்ணீர் என்றால் நானும் பெரிதாகப் பயந்திருக்க மாட்டேன். அது கலங்கி வந்தது. கட்டுக்குள் இருக்கும் மண் கரைந்து வெளியே வருகிறது என்று அர்த்தம்.

அதற்குள் அவர் ஐந்து கந்தோர் ஏறி இறங்கிவிட்டார். கமநல சேவை நிலையத்தில், "இந்தக் குளத்தால பாயிற வயல் ஒண்டும் இல்லையே அக்கா, இது எங்கட குளமில்லை." நீர்ப்பாசனத்தில், "எங்கட லிஸ்ற்றில இல்லை." பிரதேச சபையில், "நாங்கள் கட்டடத்துக்குத்தான் அனுமதி குடுக்கிறது." பிரதேச செயலகத்தில், "தனியாற்ற உறுதிக்காணி, நாங்கள் தலையிடேலாது." பொலிசில், "உடைஞ்சாப் பிறகு வாங்கோ."

இதில் முதல் இரண்டு பேர் சொன்னது பொய்யும் இல்லை. இலங்கையில் 80 ஹெக்டேயர், அதாவது 200 ஏக்கர் வரை வயல் பாயும் சிறு குளங்கள் கமநலத்தின் பொறுப்பு, அதற்கு மேல் நீர்ப்பாசனத் திணைக்களம். கணக்கு முழுக்க வயலை வைத்துத்தான். படகு விடுவதற்குக் கட்டிய குளத்துக்கு வயல் இல்லை, ஆகவே பதிவும் இல்லை. உலக வங்கியின் உதவியோடு 2008இல் தொடங்கிய அணைப் பாதுகாப்புத் திட்டம் பெரிய அணைகளைப் பார்த்தது, இந்த மாதிரிக் கட்டுகளை அல்ல.

நீங்கள் செய்யக்கூடிய முதல் பிழை, முறைப்பாட்டில் "தனியார் குளம்" என்று எழுதுவது. அந்தச் சொல்லைக் கண்டதும் கோப்பை மூடிவிடுவார்கள். "ஓடையை மறித்துக் கட்டிய கட்டு" என்று எழுதுங்கள். அரச காணி வழியாக வரும் ஓடைத் தண்ணீரை அனுமதியில்லாமல் மறிக்கவோ திருப்பவோ யாருக்கும் உரிமை கிடையாது, அரச காணிகள் கட்டளைச் சட்டம் அதைத்தான் சொல்கிறது. கரை இரண்டும் உறுதிக்காணியாக இருக்கலாம். நில அளவைப் படத்தை விரித்துப் பார்த்தால் ஓடையும் அதன் கரையோர ஒதுக்கும் பெரும்பாலும் அந்த உறுதிக்கு வெளியேதான் கிடக்கும். போமிட் காணி, அதாவது அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த காணி என்றால் இன்னும் சுகம், பயிர்செய்யக் கொடுத்த காணியில் விடுதியும் குளமும் எப்படி வந்தது என்று பிரதேச செயலாளரே பதில் சொல்ல வேண்டும்.

கடிதம் பிரதேச செயலாளருக்கு. பிரதி கமநலத்துக்கும் மாவட்ட அனர்த்த முகாமைத்துவப் பிரிவுக்கும். உங்கள் பிரதியில் திகதியோடு சீல் அடித்து வாங்காமல் படியிறங்காதீர்கள். "வைச்சிட்டுப் போங்கோ, பாக்கிறம்" என்றால் பார்க்க மாட்டார்கள். பதிவுத் தபாலில் போட்டுத் துண்டைப் பத்திரப்படுத்துங்கள்.

சரி, பதில் வரவில்லை. அப்போதுதான் 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் உதவும். இங்கேயும் ஒரு பொறி இருக்கிறது. விடுதிக்காரரிடம் இந்தச் சட்டத்தில் எதையும் கேட்க முடியாது, கந்தோரிடம்தான் கேட்கலாம். "கட்டு பாதுகாப்பானதா?" என்று கேட்டால் மழுப்பலான பதில் வரும். "இந்த ஓடையை மறிக்க அனுமதி கொடுத்தீர்களா? கொடுத்த திகதி என்ன? பிரதி தாருங்கள்" என்று மட்டும் கேளுங்கள். தகவல் அலுவலர் 14 வேலை நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். "அனுமதி வழங்கப்படவில்லை" என்று ஒரு வரி வந்தால் போதும், அதைவிடப் பலமான கடதாசி உங்களுக்குக் கிடைக்காது.

அதைக் கொண்டு பொலிசுக்குப் போய், குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 98ஆம் பிரிவில் பொதுத் தொல்லையாக நீதவானிடம் அறிக்கை போடச் சொல்லிக் கேளுங்கள். உடையும் வரை காத்திருக்க அந்தப் பிரிவு சொல்லவில்லை. ஆனால் தனி ஆளாகப் போனால் அயல் சண்டை என்று, சிறு பிணக்குகளைப் பேசித் தீர்க்கும் இணக்கசபைப் பக்கம் தள்ளிவிடுவார்கள். கட்டுக்குக் கீழே இருக்கும் நாலைந்து குடும்பமாகப் போங்கள், கமக்கார அமைப்பின் கடிதமும் இருந்தால் நல்லது.

கோபத்தில் நீங்களே மண்வெட்டியோடு போய்க் கட்டை வெட்டிவிடாதீர்கள். நிறைந்த குளத்தில் ஒரு முழம் வெட்டினால் தண்ணீர் மிச்சத்தைத் தானே வெட்டிக்கொள்ளும், வழக்கும் உங்கள் தலையில் விழும். மழை இல்லையே என்றும் இருந்துவிடாதீர்கள். 1986இல் திருகோணமலை மாவட்டத்தின் கந்தளாய்க் குளக்கட்டு உடைந்தது ஏப்ரல் 20ஆம் திகதி அதிகாலையில், மாரியில் அல்ல. நூற்றுக்கு மேற்பட்டோர் செத்தார்கள். அது அரசாங்கத்தின் பதிவில் இருந்த குளம். கசிவு கலங்கினாலோ, தண்ணீர் கட்டுக்கு மேலால் வழியத் தொடங்கினாலோ கடிதத்தோடு நின்றுவிடாமல் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117க்கு அடியுங்கள், பிள்ளைகளை மேட்டுக்கு அனுப்புங்கள்.

உடைந்துவிட்டால், கிராம அலுவலர் என்ன எழுதுகிறார் என்று பக்கத்தில் நின்று பாருங்கள். "வெள்ளத்தால் சேதம்" என்று மட்டும் எழுதினால் பழி மழைக்குப் போய்விடும். "மேலேயுள்ள கட்டு உடைந்ததால்" என்ற சொல் அறிக்கையில் இருக்க வேண்டும். பொலிஸ் முறைப்பாட்டிலும் அதே சொல். நட்டஈட்டு வழக்குக்கு 2 வருடம்தான் காலம். நிவாரணம் வரும் என்று இருந்து அதைத் தவறவிட்டவர்களை எனக்குத் தெரியும்.

அந்த அக்காவுக்குப் பதில் வந்தது: அனுமதி வழங்கப்படவில்லை. அடுத்த கிழமை ஒரு உத்தியோகத்தர் வந்து பார்த்தார், கம்பிவலையைக் கழற்றினார்கள். கசிவு இருந்த இடத்தில் இப்போது ஒரு லோட் கிரவல் கொட்டி மூடியிருக்கிறது. ஊற்று நாலு அடி தள்ளி வருகிறது, இன்னும் கலங்கலாகத்தான். அவர் இரண்டாவது கடிதத்தை எழுதிக்கொண்டிருக்கிறார்.